சில நூறு ரூபாய்த் தோல்

இரண்டு உறைகள். இரண்டும் .32 ரிவால்வருக்கு ஆனவை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு சுமாரான செருப்பு வாங்குகிற காசு. ஒன்று கறுப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம் என்னும்படி மினுக்கு. நடுவில் பாயும் புலி அச்சு, ஓரமெல்லாம் வெள்ளை நூலில் வளைவு வளைவாகத் தையல், மூடியில் பித்தளை நிறத்தில் ஒரு நட்சத்திரம். மற்றது பழுப்பு. புலியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பின்பக்கத்தில் விரல் நீளத்துக்குப் பழைய தழும்பு ஒன்று வேறு.

சேலத்துக் கடைக்காரர் கறுப்பைத்தான் முன்னால் நகர்த்தி வைத்தார். வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். கேட்பார்கள். சில நூறு ரூபாய்க்குச் செய்கிற பொருளில் எல்லா இடத்திலும் பணத்தைப் போட முடியாது. எங்கே போட்டார்கள், எங்கே கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று தேடிப் பார்ப்பதில்தான் மலிவுப் பொருளின் ருசி இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளைப் புகழ யாருக்கும் கண் வேண்டியதில்லை. விலைச்சீட்டே பாதிப் புகழ்ச்சியைச் செய்துவிடும்.

கறுப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதன் பணம் முழுவதும் முகத்தில் இருக்கிறது. விளிம்பில் கனமாக ஒரு பூச்சு. நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே சாம்பல் நிறத்தில் சோளத்தட்டைச் சோறு தெரிகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அது தோல்தான். கனத்த தோலைக் குறுக்கே இரண்டாக, மூன்றாக அறுப்பார்கள். மேலே வரும் ஏடு உறுதியானது. கீழ் ஏட்டில் நார்கள் தளர்ந்து கிடக்கும். அந்தக் கீழ் ஏட்டின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, மேல்தோலின் ரேகைகளை அச்சடித்து விற்கிறார்கள். பை, டைரி அட்டை போன்றவற்றுக்கு அது போதும். தினமும் உருவிச் செருகும் கனமான இரும்புக்கு ஓராண்டு தாங்கினால் பெரிது. புலியின் வால் பக்கமிருந்துதான் படலம் முதலில் உரியும் என்பது என் ஊகம், அங்கேதான் மடிப்பு விழுகிறது.

தோல் வாங்கும்போது விளிம்பைப் பார்க்க வேண்டும். நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு விரலியை எடுத்து ஒடித்து, ஒடிந்த வாயின் நிறத்தைப் பார்த்த பிறகே விலை எழுதுவார். மேலே எத்தனை பாலிஷ் ஏறியிருந்தாலும் அந்த ஒடிப்பு தப்பாது. தோலுக்கு ஒடிந்த வாய் அதன் வெட்டு விளிம்புதான்.

பழுப்பு உறையின் விளிம்பில் மேலிருந்து அடிவரை ஒரே நிறம். மேல்பக்கம் நார் நெருங்கி, அடிப்பக்கம் போகப் போகக் கொஞ்சம் இளகுகிறது. ஆனால் எங்கேயும் ஏடு பிரியவில்லை. தடிமன் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். விளிம்பில் சாயம் இல்லை. ஈரம் தொட்டு, கட்டையால் தேய்த்துத் தேய்த்தே மெருகு ஏற்றியிருக்கிறார்கள். விரலை ஓட்டினால் கூழாங்கல்லின் வழவழப்பு. வாய்ப்பக்கத்து விளிம்பில் இந்தத் தேய்ப்பு நன்றாகவும், இடுப்போடு ஒட்டி மறையும் பக்கத்தில் அரைகுறையாகவும் இருக்கிறது. எங்கே கைபடும், எங்கே படாது என்று கணக்குப் பார்த்து உழைத்திருக்கிறார் செய்தவர். எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்த்திருந்தால் விலை ஏறியிருக்கும். எந்தப் பக்கமும் தேய்க்காமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மூக்கருகே கொண்டுபோனால் பட்டை வாசம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கருவேல மரத்தடியில் நின்றால் வருமே, ஏறக்குறைய அது. கான்பூர்ப் பக்கத்துக் கனத்த தோல்களைக் கருவேலம் பட்டையில் பதனிடுவதுதான் பழைய வழக்கம். 1857-க்குப் பிறகு பட்டாளத்துக்குச் சேணமும் வாரும் தேவைப்பட்டு அங்கே அரசுத் தொழிற்சாலை எழுந்தது. அதைச் சுற்றி ஒரு தோல் ஊரே வளர்ந்தது. கான்பூர்ச் சேணத்துக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. துப்பாக்கி உறை அந்தச் சேணக்காரர்களின் கைவேலையில் முளைத்த சிறு கிளை. குதிரைக்கு வார் தைத்த தோலும் ஊசியும் நூலும்தான் இதற்கும். எருமைத் தோல் அங்கே தாராளம். தடித்தது, மலிவு, வெளிதேசத்து நாகரிகக் கடைகள் அதிகம் விரும்பாதது. மாட்டுத் தோலின் மென்மையான ரேகை அதற்கு இல்லை. ரோமக்கால்கள் பெரிதாக, தள்ளித் தள்ளி, கொஞ்சம் முரடாகத் தெரியும். எனக்கு அந்த முரடு பிடிக்கிறது. பவுடர் பூசாத விவசாயியின் முகம் அது.

நம் பக்கத்துப் பட்டை வேறு. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை, மெட்டாலா வழியாக ஆத்தூர் போகும் சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையை இன்று பொங்கலுக்குக் காப்புக் கட்டவும், சர்க்கரைக்குக் கஷாயம் வைக்கவும்தான் தேடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தோலை லண்டன் சந்தை வரை கொண்டுபோனது அதன் பட்டை. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆவாரம் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவந்து போகும். ஆகவே கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முறை ஊற வைப்பார்கள். நிறம் வெளிர் மஞ்சளில் நின்றுவிடும். பிறகு புங்க எண்ணெய் தடவுவார்கள். ஆவாரை சமவெளியில், கடுக்காய் கொல்லிமலை போன்ற காடுகளில், புங்கமரம் ஓடைக்கரையில். ஒரு தோலைப் பதனிட வேண்டிய சரக்கெல்லாம் இந்த வட்டாரத்திலேயே நடந்து சேகரிக்கிற தூரத்தில் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வாட்டில் மரத்துச் சாறு ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொழில் ஈரோடு, திண்டுக்கல், வேலூர்ப் பக்கத்துப் பெரிய தோல் ஷாப்புகளில் நிலைத்தது. ஈஸ்ட் இந்தியா தோலுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அது மெல்லிய தோல். செருப்பின் மேல்பாகம், உள்தோல், கையுறை என்று போகும். ரிவால்வரைத் தாங்கும் தடிமன் அதில் குறைவு. நம் ஊர்ப் பட்டைக்கு உறைத் தொழிலில் இடம் கிடைக்காமல் போனது அந்தத் தோலின் மென்மையால் என்றே நினைக்கிறேன்.

பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா என்பதில் உறையின் பாதித் தலையெழுத்து இருக்கிறது. சென்னை மாகாணத்தில் குரோம் பதனிடலைக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1900-களின் தொடக்கத்தில், சென்னைக் கலைப்பள்ளியில் இருந்தபடி அந்த முயற்சியைத் தொடங்கினார். அவர் குறிவைத்த வாடிக்கையாளர்களில் ஒருவர் நம் விவசாயி. எருது பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலம் அது. சாலின் அடியில் கட்டிய தோல் வால் ஓயாமல் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, சீக்கிரம் அழுகிவிடும். குரோம் தோல் அந்த ஈரத்துக்கு அசையாது. கவலைச் சாலுக்கு அதைவிட நல்ல தோல் இல்லை.

இங்கே நின்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் குணம் சொல்லும் கை இருந்தது என்றால், அது அந்தக் கவலைக் கிணறுகளைச் சுற்றி இருந்த அருந்ததியர் குடும்பங்களின் கை. வால் தைப்பது, வடம் முறுக்குவது, எருதுக்கு வார் அறுப்பது, செருப்புத் தைப்பது எல்லாம் அவர்கள். ஊர் அவர்களுக்குக் களத்தில் தானியம் அளந்தது, மரியாதை அளக்கவில்லை. மின்சார மோட்டார் வந்ததும் கவலை போயிற்று, அளந்த தானியமும் போயிற்று. தோலின் எந்த இடம் நீளும், எந்த இடம் நிற்கும் என்ற அறிவை எழுதி வைக்க ஒருவரும் முனையவில்லை.

அந்த அறிவின்படி பார்த்தால் குரோம் தோல் உறைக்கு ஆகாது. தண்ணீரில் அசையாத குணமே இங்கே குறை. பட்டைத் தோலை ஊறவைத்தால் களிமண்ணாக இளகும். அந்த ஈரத்தில் எதன்மேல் வைத்து அழுத்துகிறோமோ அதன் வடிவத்தை வாங்கிக்கொண்டு, காய்ந்த பிறகு விறைத்து நிற்கும். குரோம் தோல் எத்தனை முறை அழுத்தினாலும் தொளதொளவென்று பழைய நிலைக்கே திரும்பும். ஆகவே மலிவு உறையைக் கையில் எடுத்தவுடன் வாயை இரு விரலால் அமுக்கி விடுங்கள். பட்டைத் தோல் எதிர்த்து நிற்கும். கறுப்பு உறையின் வாய் அமுக்கின இடத்திலேயே மூடிக் கிடந்தது.

பழுப்பு உறையின் வடிவம் நேர்த்தியானது. ரிவால்வருக்குப் பதில் அதே அளவில் ஒரு மர மாதிரியை உள்ளே நுழைத்து, ஈரத்தோலை எலும்பாலோ கட்டையாலோ அழுத்தி வடித்திருக்கிறார்கள். சிலிண்டர் இருக்கும் இடத்தில் மெல்லிய புடைப்பு. ட்ரிகர் வளையத்தின் வட்டம் வெளியே கோடாகத் தெரிகிறது. பேரல் பக்கம் அழுத்தம் குறைவு, அங்கே தோல் தன்னிஷ்டத்துக்கு உருண்டு இறங்குகிறது. விலையுயர்ந்த உறைகளில் ஒவ்வொரு திருகும் பதியும்படி அழுத்திக் காட்டுவார்கள். அது பார்க்க அழகு, ஆனால் பெரும்பாலும் பார்க்க மட்டுமே. துப்பாக்கியைப் பிடித்து நிறுத்துவது ட்ரிகர் வளையமும் சிலிண்டரும் சேரும் அந்த ஒரு பள்ளம்தான். செய்தவர் அழுத்தத்தை அங்கே மட்டும் செலவழித்திருக்கிறார். தோட்டாக்கள் எல்லாம் எடுத்து, இரண்டு முறை பார்த்து உறுதி செய்த வெறும் ரிவால்வரைச் செருகி, உறையைத் தலைகீழாகப் பிடித்தேன். விழவில்லை. நிமிர்த்தி உருவினேன். முதல் அரை அங்குலம் இழுக்கிறது, பிறகு வழுக்கிக்கொண்டு வருகிறது. அந்த அரை அங்குல இழுப்புக்குத்தான் இத்தனை பாடும்.

காய வைத்த விதமும் தெரிகிறது. வெயிலில் போட்டால் நம் ஊர்ச் சித்திரையில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மேல்தோல் சுருண்டு, மடிப்பில் முடிபோல வெடிப்பு விழும். நிழலில் நாள்கணக்கில் கிடந்த தோலுக்குத்தான் இப்படி வெடிப்பில்லாத மடிப்பு அமையும். மலிவுப் பொருளில் பொறுமைக்குத் தனி விலை போட முடியாது. போட்டிருக்கிறார்கள், சும்மா.

தையலுக்கு வருவோம். கறுப்பில் அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு என்று மிஷின் தையல், நெருக்கமாக. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் தடித்த தோலில் ஓட்டைகள் அத்தனை நெருங்கினால், இழுத்தால் கிழிகிற கோட்டை நாமே போட்டுக் கொடுத்ததாக ஆகும். பழுப்பில் அங்குலத்துக்கு ஆறு. மெழுகு ஏற்றிய தடித்த நூல். இருபுறமும் ஒரே முகம், ஒவ்வொரு தையலும் கொஞ்சம் சாய்ந்து படுத்திருக்கிறது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைந்து போகும் கைத்தையல் அது. சேணக்காரர்களின் தையல். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அவிழாது. மிஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் வெறுமனே ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். ஒன்று அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும்.

சாய்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. நேர்க்கோட்டில் சீராக வந்து, ட்ரிகர் வளையத்தைச் சுற்றி வளையும் இடத்தில் இரண்டு தையல் நிமிர்ந்து கொஞ்சம் நெருங்கி நிற்கின்றன. வளைவில் கை தயங்கியிருக்கிறது. அதற்கு மேல் போனதும் பழைய சாய்வு திரும்பி வந்துவிடுகிறது. கடைசியில், நூலை வெளியே முடிச்சுப் போட்டு நெருப்பில் பொசுக்காமல், இரண்டு தையல் பின்னுக்கு வந்து உள்ளேயே அறுத்திருக்கிறார். அந்த இரண்டு பின்தையல்தான் நிதானமாகச் செய்பவரையும் எண்ணிக்கைக்காகச் செய்பவரையும் பிரிக்கும். இவர் நிதானக்காரர்.

இனி அந்தத் தழும்பு. பின்பக்கம், பெல்ட் துளைக்குக் கீழே, வெளிறிய கோடாக ஓடுகிறது. முள்வேலி கீறியதாக இருக்கலாம். அருகே இரண்டு மூன்று சின்னக் குழிகள், உண்ணி கடித்த இடம். ஏற்றுமதிக்குப் போகும் தோலில் இப்படி ஒரு கோடு இருந்தாலே தரம் இறங்கும், விலை இறங்கும். சூட்டுக்கோல் தழும்பு, நுகம் தேய்த்த இடம், கொம்பு குத்தியது எல்லாம் கழிவுக் கணக்கில் போகும். வெயிலில் உழைத்து, முள்ளில் மேய்ந்து வளர்ந்த கால்நடைக்கு இதெல்லாம் இல்லாமல் இருக்குமா? ஆறிய மேலோட்டமான தழும்பால் தோலின் பலம் குறைவதில்லை. இந்த உறை ஏன் இத்தனை மலிவு என்ற கேள்விக்கு விடை அந்தக் கோடுதான். முதல்தரத் தோலை, முகம் சரியில்லை என்று தள்ளிய விலைக்கு வாங்கித் தைத்திருக்கிறார்கள். கவனித்தால் இன்னொன்றும் தெரியும். தழும்புள்ள துண்டு பின்பக்கம், துளைகள் இல்லாத இடத்தில் வருகிறது. முன்பக்கம் மாசு மறுவில்லாதது. இரண்டு துண்டும் முதுகுப் பகுதி, வயிற்றுத் தோல் கிடையாது. வயிற்றுத் தோல் மலிவு, ஆனால் நீளும், ஆறு மாதத்தில் உறை பையாகிவிடும். எங்கே தரம் குறைந்தால் கெடாது, எங்கே குறைந்தால் கெடும் என்று தெரிந்து வெட்டிய கத்தி இது.

உறையின் வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அழகுக்காக மட்டும் இல்லை. துப்பாக்கியை உருவியபின் வாய் திறந்தே நிற்க வேண்டும். தொளதொளத்த வாய் உள்பக்கம் மடிந்துகொண்டால், திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு ட்ரிகருக்குள் போய்விடும். அழுத்தவும் செய்யும். அப்படித் தொடையில் சுட்டுக்கொண்ட விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. பழுப்பு உறையின் வாயில், முக்கால் அங்குல அகலத்தில் இன்னொரு தோல் பட்டையைச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். தடிமன் அங்கே இரட்டிப்பு. ட்ரிகர் வளையம் முழுவதும் மூடியிருக்கிறது, விரல் நுழைய இடுக்கு இல்லை. செய்தவருக்கு இதற்கு ஆன செலவு கைப்பிடித் துண்டுத் தோலும் பத்து நிமிடமும். கறுப்பு உறையில் நட்சத்திரத்துக்கு ஆன செலவு அதைவிட அதிகமாக இருக்கும்.

கட்டைவிரலால் திறக்கும் வாரும் அப்படியே. ஹேமருக்குப் பின்னால் படிந்து, பிரஸ் பட்டனில் மூடுகிறது. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் பழைய வெப்லி மாதிரியில் பிறந்தது. ஆறு தோட்டா, நடுவில் கீல், இடப்பக்கம் ஒரு தாழ். தாழை அமுக்கினால் துப்பாக்கி இரண்டாக மடிந்து திறக்கும். வார் அந்தத் தாழில் பட்டுவிடக் கூடாது. இங்கே தாழுக்கு நேராகத் தோலைப் பிறை வடிவில் வெட்டி விட்டிருக்கிறார்கள். பட்டனின் உள்பக்கத் தகடு இரும்பில் உரசிக் கீறல் போடாமல் இருக்க, காசு அகலத்துக்கு மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே விரலை விட்டுத் தடவினால்தான் கிடைக்கும். இந்தக் காசுத் தோலைக் கண்டுபிடித்தபோதுதான் நான் முடிவு செய்தேன்.

முடிவு செய்ய வேண்டியவர் நான் அல்ல, மாமா. உரிமம் அவர் பெயரில். மஞ்சள், மரவள்ளி, கோழிப்பண்ணை என்று பணம் புழங்குகிற கை. இந்தப் பக்கத்தில் உரிமத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் தோட்டக் காவலுக்கு ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான். ரிவால்வர் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆகவே உறை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித் தர ஊரில் ஆள் இல்லை. சொல்லித் தந்தது சினிமா. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1970-இல் எடுத்த ‘சி.ஐ.டி. சங்கர்’ ஜெய்சங்கரை ஒரு தலைமுறை மறக்கவில்லை. 1972-இல் கர்ணன் இயக்கிய ‘கங்கா’வில் அவரே கௌபாயாக வந்தார். தொடைவரை தொங்கும் உறை, தோட்டா வரிசையிட்ட பெல்ட். மாமாவின் மனசில் இருந்த உறை அதுதான்.

"இது மொட்டையா இருக்குதே மாப்ள. ஜெய்சங்கர் போட்டிருப்பாரே, காலுக்குக் கயிறு கட்டி..."

"அது குதிரைமேல போறவங்களுக்குங்க மாமா. நீங்க ஏத்தாப்பூர் சந்தைக்கு டி.வி.எஸ்.ல போறீங்க."

இன்னொரு சங்கடமும் இருந்தது. மாமா வேட்டிக்காரர். இடுப்பில் நாலு விரல் அகலப் பச்சை பெல்ட், அதில் பணத்துக்கு ஒரு பை, கண்ணாடிக்கு ஒரு பை. உறையின் பெல்ட் துளைகளோ ஒன்றரை அங்குலத்துக்கு ஆனவை. கடைக்காரர் துளையைப் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னார். அது கூடாது. துளை பெல்ட்டைக் கவ்விப் பிடித்தால்தான் உறை இடுப்போடு ஒட்டி நிற்கும், உருவும்போது கூடவே எழுந்து வராது. துளைக்கும் விளிம்புக்கும் நடுவே விட்ட தோலின் அகலமும் அந்த இழுப்பைக் கணக்கிட்டுத்தான் விட்டது. மாமா முனகிக்கொண்டே ஒன்றரை அங்குலத் தோல் பெல்ட் ஒன்றும் வாங்கினார். அது உறையைவிட விலை அதிகம். பச்சை பெல்ட் மேலே, தோல் பெல்ட் கீழே, சட்டை இரண்டையும் மூடி.

மூடித்தான் ஆக வேண்டும். 2016-ஆம் ஆண்டு படைக்கல விதிகள், கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோவதென்றால் அதற்கென்று செய்த உறையில் உடலோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும், முழுக்க மறைந்திருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன. புலி அச்சும் நட்சத்திரமும் யார் பார்ப்பதற்கு? சட்டையின் உள்பக்கம் பார்க்கும், அவ்வளவுதான்.

வெளியே தெரியும்படி அணிகிற உறை காவல் துறையினருடையது. அதற்கு வேறு இலக்கணம். மூடி போட்டது, தூசிக்கும் மழைக்கும் தாங்குவது. அதோடு சேர்ந்து வருகிற குறுக்கு வாரின் கதை இந்தியாவில்தான் தொடங்கியது. 1857 எழுச்சியை அடக்கப் போரிட்ட பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி சாமுவேல் பிரௌன், 1858 ஆகஸ்ட் 31 அன்று பிலிபித் அருகே நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். வாள் உறையை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் உருவுவதுதான் வழக்கம். பிடிக்கக் கை இல்லை. ஆகவே உறை ஆடாமல் நிற்கும்படி பெல்ட்டில் இறுக்கி, அதன் பாரத்தை வலத்தோளுக்கு ஒரு வாரால் ஏற்றினார். கைத்துப்பாக்கி உறையும் அதே பெல்ட்டில் வலப்பக்கம் ஏறியது. ஒற்றைக்கை மனிதரின் தேவைக்குப் பிறந்த தோல் வார், இரண்டு கையும் உள்ள அதிகாரிகளின் சீருடையில் உலகமெல்லாம் பரவிற்று. நம் இன்ஸ்பெக்டர்கள் அணிவகுப்பில் மினுக்கிப் போடுகிற பழுப்பு குறுக்கு வார் அதன் வழித்தோன்றல்தான். அந்த வாருக்கும் மாமாவின் மொட்டை உறைக்கும் ஒரே தோல், ஒரே தையல்.

வாங்கிய பிறகு ஒன்றிரண்டு சங்கதிகள். பட்டைத் தோல் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைச் சீக்கிரம் விடாது. ஐப்பசி மழையில் நனைந்து வந்து ரிவால்வரை உறையோடு பெட்டியில் வைத்துப் பூட்டினால், ஒரு வாரத்தில் சிலிண்டரில் செம்புள்ளி விழும். வேர்வையும் அப்படியே. ஆகவே வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி தனியே, உறை தனியே. துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள். உறை காற்றாட, நிழலில். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும், உறை மட்டும் வீட்டில் கிடக்கும். அப்போது வாய் கூம்பிவிடாமல் உள்ளே ஒரு கட்டையோ சுருட்டிய செய்தித்தாளோ வைப்பது நல்லது. செய்தித்தாள் ஈரத்தையும் குடிக்கும்.

எண்ணெய் தடவ மாமா ஆசைப்பட்டார். தேங்காயெண்ணெய் பூசினால் கறுத்து, அழகாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணெய் குடித்த தோல் இளகும். ஈரத்தில் அழுத்தி நிழலில் காய வைத்து வாங்கிய அந்த அரை அங்குல இழுப்பு எண்ணெயோடு போய்விடும். வெளியே மட்டும் எப்போதாவது ஒரு விரல் மெழுகு போதும். உள்ளே ஒன்றும் வேண்டாம். மஞ்சள் பாலிஷ் போடும் மாதங்களில் மட்டும் உறையைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும், அந்தத் தூள் எதற்குள்ளும் புகும், ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

தோட்டாவைத் தோல் வளையத்தில் செருகி வைக்கும் பழக்கமும் வேண்டாம். பட்டையின் புளிப்பு பித்தளையோடு சேர்ந்து பச்சையாகப் பூக்கும், பூத்த தோட்டா சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். மாமா கேட்ட ஜெய்சங்கர் பெல்ட்டில் அப்படி இருபது வளையம் இருந்தது.